தப்பிக்கும் விளையாட்டும் ஆசிரியனின் மறுபிறப்பும்

'விளையாட்டு' என்ற சொல்லைப் பார்த்ததுமே பக்கத்தைப் புரட்டிவிட நினைக்கும் நண்பர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். சினிமாவைப் பேசினோம், நாட்டார் தெய்வங்களைப் பேசினோம், விளம்பரப் பலகையையும் பட்டிமன்றத்தையும்கூடப் பிரதியாக வைத்து வாசித்தாகிவிட்டது. ஆனால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கணிப்பொறியின் முன்னாலோ கைபேசியை வைத்துக்கொண்டோ, பூட்டிய அறை ஒன்றிலிருந்து வெளியேறப் பாடுபடுகிறார்களே பேர்பேராக, அதை வாசித்துப் பார்க்க நமக்கு ஏனோ கூச்சம். எனக்கு அந்தக் கூச்சம் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருஷமாக இந்த அறைகளில் மாட்டிக்கொண்டு வெளியே வருகிறவன் நான். இவற்றின் தர்க்கம் அபத்தமானது என்பது விளையாடுகிற எல்லோருக்கும் தெரியும், சிரித்துக்கொண்டே சொல்வார்கள். இந்த அபத்தம் எப்படி வேலை செய்கிறது, யாருக்காக வேலை செய்கிறது என்பதுதான் என் கேள்வி.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. திரையில் ஓர் அறை. கதவு பூட்டியிருக்கிறது. நீங்கள் யார், ஏன் உள்ளே இருக்கிறீர்கள், பூட்டியவர் யார் என்பதெல்லாம் பெரும்பாலும் சொல்லப்படாது. சொன்னாலும் ஒரு வரி. உங்களுக்குக் கை கால் கிடையாது, முகம் கிடையாது, ஒரு சுட்டுமுனை மட்டும் உண்டு. அதை வைத்து இழுப்பறை, தலையணை, சுவர்ப்படம், பூந்தொட்டி என்று கண்ணில் பட்டதையெல்லாம் கிளிக் செய்கிறீர்கள். சில பொருள்கள் கையோடு வந்து திரையின் ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்துகொள்ளும். ஒன்றை இன்னொன்றின் மேல் பிரயோகிக்க வேண்டும். எங்கேயோ கிடைத்த எண்ணை வேறெங்கோ இருக்கும் பெட்டியில் போட வேண்டும். கடைசியில் ஒரு சாவி. கதவு திறக்கும். வெளியே என்ன இருக்கிறது என்று பெரும்பாலான விளையாட்டுகள் காட்டுவதே இல்லை. 'வெளியேறிவிட்டீர்கள்' என்று ஒரு வாசகம், அவ்வளவுதான்.

இந்த வகைமைக்கு ஒரு வம்சாவளி உண்டு. அமெரிக்காவில் வில் க்ரௌதர் 1975-76இல் எழுதி, டான் வுட்ஸ் 1977இல் விரித்த குகைச் சாகசம், முழுக்கவும் சொற்களால் ஆனது. கணிப்பொறி வர்ணிக்கும், நீங்கள் வினைச்சொல்லும் பெயர்ச்சொல்லுமாகத் தட்டச்சு செய்து பதில் சொல்ல வேண்டும். (இலக்கணம் படித்தவனுக்கு அது ஒரு தனி சுகம்: உலகமே எழுவாய் இல்லாத ஏவல் வாக்கியங்களால் இயங்குகிறது.) பிறகு படங்கள் வந்தன, 80களிலும் 90களிலும் சியெரா, லூகாஸ் நிறுவனங்களின் பெரிய சாகச விளையாட்டுகள் வந்தன. அந்தப் பெரிய கதையாடல் சந்தையில் சரிந்துகொண்டிருந்த நேரத்தில்தான் அதன் ஒரு துண்டு, வெறும் பூட்டிய அறை மட்டும், தனியாகப் பிய்ந்து இணையத்தில் வளர்ந்தது. 2001இல் யான் அல்பார்ட்டஸின் 'மிஸ்டரி ஆஃப் டைம் அண்ட் ஸ்பேஸ்', 2004இல் ஜப்பானின் தோஷிமிட்சு தகாகி செய்த 'க்ரிம்சன் ரூம்'. இரண்டாவது உலகம் முழுக்கச் சுற்றியது. ஃப்ளாஷ் என்ற மென்பொருளில் செய்த சின்னக் கோப்பு. காசு வேண்டாம், இறக்கி நிறுவ வேண்டாம், பாஷைகூட வேண்டாம். ஒரு சிவப்பு அறை, கட்டில், திரைச்சீலை, இழுப்பறைகள். தனி ஆள் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து செய்து உலகத்துக்கு அனுப்பிவிடலாம் என்ற நிலை. சிறுபத்திரிகை நடத்தியவர்களுக்கு இந்தப் பொருளாதாரம் நன்றாகவே புரியும்.

சரி, அபத்தத்துக்கு வருவோம். சராசரியான ஓர் அறையில் நடப்பதைச் சொல்கிறேன். மெத்தையின் கீழே ஒரு சுத்தியல் கிடைக்கிறது. எதிரில் கண்ணாடிச் சன்னல். கை கால் உள்ள எந்த மனுஷனும் என்ன செய்வான்? சன்னலை உடைப்பான். நீங்கள் சுத்தியலைச் சன்னலின் மேல் வைத்து நூறு தரம் கிளிக் செய்தாலும் ஒன்றும் நடக்காது. அந்தச் சுத்தியல் அலமாரியின் மேலிருக்கும் பன்றி உண்டியலை உடைப்பதற்கானது. உண்டியலுக்குள் ஒரு காசு; அந்தக் காசைக் கொண்டு சுவர்ப்பெட்டியின் திருகாணியைக் கழற்ற வேண்டும்; உள்ளே ஒரு காகிதம்; காகிதத்தில் நான்கு நிறங்கள்; நிறங்களின் வரிசையில் புத்தக அலமாரியைப் பார்த்தால் ஒரு எண். கதவைத் தட்டலாமே, கத்திக் கூப்பிடலாமே என்றால் அதெல்லாம் இல்லை. பொருள்களின் பயன்மதிப்பு முழுக்கப் பிடுங்கப்பட்டுவிட்டது. சுத்தியல் சுத்தியலாக இல்லை, ஒரு குறிப்பான் மட்டுமே. அது எந்தக் குறிப்பீட்டோடு பிணைக்கப்பட்டிருக்கிறது என்பதை முன்கூட்டியே ஒருவர் முடிவு செய்துவிட்டார். நீங்கள் செய்ய வேண்டியது அந்த ஒருவரின் மனதைக் கண்டுபிடிப்பது.

'அபத்தம்' என்றதும் நம் ஆட்கள் காம்யூவை இழுத்துவிடுவார்கள். இது அந்த அபத்தம் இல்லை. காம்யூவின் உலகில் மனிதன் அர்த்தம் கேட்கிறான், பிரபஞ்சம் மௌனமாக இருக்கிறது. பதில் இல்லை என்பதுதான் அங்கே விஷயம். இங்கே பதில் இருக்கிறது. ஒன்றே ஒன்று இருக்கிறது. ஒருவரிடம் மட்டும் இருக்கிறது. காஃப்காவின் 'சட்டத்தின் முன்' கதையில் திறந்த வாசலின் முன்னால் ஒருவன் ஆயுள் முழுக்க உட்கார்ந்திருக்கிறான். இங்கே மூடிய கதவின் முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு அது நிச்சயம் திறக்கும் என்ற உத்தரவாதம் முதல் நொடியிலேயே கொடுக்கப்பட்டுவிடுகிறது. அந்த உத்தரவாதம்தான் அவனை உட்காரவைக்கிறது. எவ்வளவு கோணலான விடையையும் 'அட, இதுதானா' என்று அவனை ஏற்றுக்கொள்ளவும் வைக்கிறது.

எல்லாக் கோணலும் ஒரே கோணல் இல்லை. இங்கே தொல்காப்பியத்தின் உதவி எனக்குத் தேவைப்படுகிறது. விடுகதையைப் 'பிசி' என்று பெயரிட்டுச் செய்யுளியல் பேசும்போது, அதன் அடிப்படைகளில் ஒன்றாக உவமையை வைக்கிறது. முட்டையைக் கதவில்லாத வீடு என்று ஒரு கிழவி சொல்கிறாள் என்றால், விடை தெரிந்த பிறகு முட்டையைப் பார்க்கும் பார்வை உங்களுக்கு மாறிவிடுகிறது. வீட்டைப் பார்க்கும் பார்வையும் மாறுகிறது. கேட்டவரும் சொன்னவரும் சிரிக்கிறார்கள். ஏனென்றால் அந்த ஒப்புமை இருவருக்கும் பொதுவான உலகத்தில் ஏற்கெனவே கிடந்தது. கிழவி அதை எடுத்துக் காட்டினாள், உண்டாக்கவில்லை. தப்பிக்கும் விளையாட்டின் புதிர்களை நான் இப்படித்தான் உரசிப் பார்க்கிறேன். உண்டியலுக்குள் காசு இருக்கும் என்பதில் ஒப்புமை உண்டு, வழக்கு உண்டு. காசு திருகாணியில் பொருந்தும் என்பதும் கையனுபவம். ஆனால் சுவரில் தொங்கும் மூன்று மீன் படங்களில் வால் வலப்பக்கம் திரும்பியவற்றை மட்டும் எண்ணிக் கூட்டிப் பெட்டியில் போடு என்றால், அதற்கு இந்த உலகத்தில் எந்த உவமையும் கிடையாது. அது உத்தரவு.

உவமைக்குப் பதில் சிலேடையை வைத்தவர்களும் உண்டு. 1991இல் வந்த 'மங்கி ஐலண்ட்' இரண்டாம் பாகத்தில் ஓர் அருவியை நிறுத்த வேண்டும். அதற்கு ஒரு குழாயை முடுக்க வேண்டும். முடுக்கும் கருவி இல்லை. என்ன வழி? பியானோ வாசிக்கும் குரங்கு ஒன்று இருக்கிறது. அதன் தாளக்கருவியில் வாழைப்பழத்தைத் தொங்கவிட்டு ஆட்டினால் குரங்கு மயங்கி விறைத்துவிடும். விறைத்த குரங்கைத் தூக்கிவந்து அதைக் கொண்டே குழாயை முடுக்க வேண்டும். அமெரிக்க ஆங்கிலத்தில் இந்தக் கருவி வகைக்குக் 'குரங்கு' என்ற அடைமொழியோடு ஒரு பெயர் இருக்கிறது, அதனால். இங்கிலாந்துக்காரனுக்கே அது ஸ்பேனர்தான். நம் ஊர்ப் பட்டறையிலும் ஸ்பேனர்தான். ஆக, ஒரு தேசத்தின் ஒரு பேச்சுவழக்கு தெரியாத காரணத்துக்காக உலகத்தில் பாதிப்பேர் அருவிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட வேண்டியதுதான். வேடிக்கை என்னவென்றால், இதைச் செய்த ரான் கில்பர்ட்தான் 1989இல் சாகச விளையாட்டுகள் ஏன் மோசமாக இருக்கின்றன என்று ஒரு கட்டுரை எழுதியவர். விடை முதலில் கைக்கு வந்து பிரச்சினை பிறகு வருகிற 'பின்னோக்கிய புதிர்' தவறு என்று அதில் சொன்னவரும் அவரே. கோட்பாடு எழுதியவன் படைப்பில் அதைக் கடைப்பிடிப்பதில்லை என்பது நம் சூழலில் மட்டும் நடப்பதல்ல.

பின்னோக்கிய புதிரை நான் அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட மாட்டேன். விளாதிமிர் ப்ராப் 1928இல் ருஷ்ய மாயக்கதைகளைப் பகுத்தபோது, நாயகனுக்கு மந்திரப் பொருள் முன்கூட்டியே கிடைத்துவிடுவதை ஒரு நிரந்தரச் செயலாகக் காட்டினார். கதையில் சீப்பு முதலில் வரும். அது காடாக மாற வேண்டிய நெருக்கடி பிறகு வரும். ஆனால் அந்தச் சீப்பைக் கொடுப்பதற்கு ஒரு ஆள் இருப்பார். நாயகன் அவருக்குத் தண்ணீர் கொடுத்தான், மரியாதையாகப் பேசினான், அதனால் அவர் கொடுத்தார். பொருளுக்குப் பின்னால் ஓர் உறவு இருக்கிறது. தப்பிக்கும் விளையாட்டு அந்த ஆளைத் துடைத்துவிட்டுப் பொருளை மட்டும் மெத்தைக்கு அடியில் வைத்துவிட்டது. யாரும் யாருக்கும் எதுவும் கொடுப்பதில்லை. எல்லாம் கிடந்து எடுப்பதுதான்.

இந்த வகைமையின் அபத்தத்துக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் ஒன்று உண்டு. 1999இல் சியெரா வெளியிட்ட 'கேப்ரியல் நைட்' மூன்றாம் பாகம். பிரான்ஸின் ஒரு சிற்றூரில் நாயகனுக்கு மோட்டார் சைக்கிள் வாடகைக்கு வேண்டும். நண்பனின் பேரில் பதிவாகியிருக்கிறது. ஆகவே நண்பனாக வேஷம் போட வேண்டும். கொட்டகைக் கதவின் ஓட்டையில் ஒட்டுநாடாவை ஒட்டிவைத்து, பூனையை விரட்டி, அது அந்த ஓட்டை வழியாக ஓடும்போது ஒட்டிக்கொள்கிற முடியை எடுத்து, இனிப்புப் பாகை மேலுதட்டில் தடவி அதில் ஒட்டினால் மீசை தயார். இதில் உச்சம் என்னவென்றால் அந்த நண்பனுக்கு மீசையே கிடையாது! ஆகவே அவனுடைய பாஸ்போர்ட்டை எடுத்து, அதிலுள்ள புகைப்படத்தில் பேனாவால் மீசை வரைய வேண்டும். மீசை இல்லாத ஆளாக நடிப்பதற்கு மீசை. 2000இல் எரிக் வோல்பா இதைப் படிப்படியாக எடுத்துவைத்து ஒரு கட்டுரை எழுதினார். சாகச விளையாட்டை யாரும் கொல்லவில்லை, அதுவே தற்கொலை செய்துகொண்டது என்பது அவர் வாதம். (பின்னால் அவரே 'போர்ட்டல்' விளையாட்டின் எழுத்தாளர்களில் ஒருவரானார், 2007. சோதனைக்கூடத்தின் அதிகாரக் குரல் ஒன்று, கீழ்ப்படிந்தால் கேக் தருவதாக ஆசை காட்டிக்கொண்டே கைதியை அறை அறையாக நடத்திச் செல்லும் கதை அது. விமர்சகன் படைப்பாளியானால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு நான் அடிக்கடி காட்டும் உதாரணம்.)

வோல்பா சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. நீளமும் கோணலும் மட்டும் குற்றமாகிவிடாது. 1984இல் இன்ஃபோகாம் வெளியிட்ட, டக்ளஸ் ஆடம்ஸும் ஸ்டீவ் மெரெட்ஸ்கியும் சேர்ந்து செய்த 'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு' விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் இயந்திரத்தின் பொத்தானை அமுக்கினால் ஒரு மீன் பறந்துவந்து உங்கள் காதில் விழ வேண்டும். முதல் தடவை அது எதிர்ச்சுவரில் ஒரு கொக்கியின் கீழுள்ள ஓட்டைக்குள் போய்விடும். அங்கியைக் கழற்றிக் கொக்கியில் மாட்டுகிறீர்கள். அடுத்த மீன் அங்கியில் மோதி வழுக்கித் தரையிலுள்ள சாக்கடைச் சல்லடைக்குள் விழும். துண்டைப் போட்டு மூடுகிறீர்கள். அடுத்தது, துப்புரவு இயந்திரம் ஒன்று ஓடிவந்து அள்ளிப்போகும். அதன் கதவை மறித்துப் பையை வைத்தால் இன்னொரு இயந்திரம் மேலே பறந்துவந்து பிடித்துவிடும். பையின் மேல் வேண்டாத தபால்களைக் குவித்து வைத்தால், அவை சிதறி, இயந்திரம் அவற்றைப் பொறுக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் மீன் காதுக்குள் விழும். பூனை மீசையைவிட இது நீளம். ஆனாலும் ஜனங்கள் இதைக் கொண்டாடினார்கள்; மீனைப் பிடித்துவிட்டேன் என்று பனியனில் அச்சடித்து நிறுவனமே விற்றது. ஏன்? ஒவ்வொரு தோல்வியும் பேசுகிறது. எதனால் தோற்றாய் என்று உனக்குச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வாய்ப்பைத் தருகிறது. (அந்தத் தபாலை விளையாட்டின் ஆரம்பத்திலேயே, பூமி அழிவதற்கு முன்னால் எடுத்திருக்க வேண்டும் என்பது மட்டும் அயோக்கியத்தனம்.)

ஆக, என்னுடைய அளவுகோல் இதுதான்: தோல்வி பேசுகிறதா? தப்பிக்கும் அறைகளில் பெரும்பான்மை ஊமை. சுத்தியல் சன்னலில் பட்டால் ஒரு 'ணங்' சத்தம்கூடக் கேட்காது. தவறான எண்ணைப் போட்டால் எந்த இலக்கம் தவறு, முறை தவறா, எண் தவறா, ஒன்றும் தெரியாது. நீங்கள் ஒரு சான்றிதழுக்காக ஏதாவது ஓர் அலுவலகத்துக்கு நடந்திருந்தால் இந்த ஊமைத்தனம் பழக்கமாக இருக்கும். நான் ஒரு முறை நான்கு நாள் நடந்தேன். மனுவைத் திருப்பிக் கொடுப்பார்கள். காரணம் சொல்ல மாட்டார்கள். கடைசியில், அதற்கென்று ஒரு படிவம் இருப்பதும் அது அந்த அலுவலகத்தில் கிடைக்காமல் எதிரிலுள்ள ஜெராக்ஸ் கடையில் மட்டுமே கிடைப்பதும் வரிசையில் நின்ற ஓர் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. அந்த அம்மாவுக்கு முன்னால் நின்ற யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். காரணம் சொல்லாமல் நிராகரிப்பது அதிகாரத்தின் பழைய உத்தி. அது உங்களைப் போராட விடாது, யூகிக்க மட்டுமே விடும். யூகித்து யூகித்து, எதையும் எதன் மேலும் வைத்துப் பார்க்கிற, ஏன் என்று கேட்காத ஒரு தன்னிலை உருவாகிறது. பொழுதுபோக்குக்கும் அதே தன்னிலைதான் தேவைப்படுகிறது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

இங்கே பார்த்தைக் கொண்டுவராமல் இருக்க முடியாது. 'ஆசிரியனின் மரணம்' 1967இல் எழுதப்பட்டது. தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' 1982இல் வந்ததிலிருந்து நம் பக்கங்களில் ஆசிரியன் பலமுறை செத்துவிட்டான். பிரதி பன்முகமானது, வாசகனே அர்த்தத்தை உற்பத்தி செய்கிறான் என்றெல்லாம் எழுதினோம். அப்புறம் கணிப்பொறி வந்தபோது, இதோ வாசகன் நேரடியாகப் பங்கெடுக்கும் வடிவம், கோட்பாடு நிஜமாகிவிட்டது என்று சிலர் ஆரவாரித்தார்கள். நடந்தது நேர்மாறு. கிளிக் செய்கிற விரல் உங்களுடையது, அர்த்தம் முழுக்க அவருடையது. ஒரு நாவலை நான் தப்பாக வாசிக்கலாம். தப்பாக வாசித்தே நூறாம் பக்கத்துக்குப் போகலாம். என் தப்பு ஒரு வாசிப்பாக நிலைக்கவும் செய்யலாம். தப்பிக்கும் அறையில் ஆசிரியனின் உத்தேசத்தோடு பொருந்தாத வாசிப்புக்கு இரண்டாம் பக்கமே கிடையாது. செத்த ஆசிரியன் பூட்டுக்காரனாகப் பிறந்து வந்திருக்கிறான்.

லெவி-ஸ்ட்ராஸ் 1962இல் சொன்ன கைவினைத் தந்திரக்காரனை, அதாவது கிடைத்ததை வைத்துக் காரியத்தை முடிப்பவனை, இந்த விளையாட்டுக்காரனோடு ஒப்பிட்டுப் பேசுகிறவர்கள் உண்டு. 1999இன் 'தி லாங்கஸ்ட் ஜர்னி'யில் கொடிக்கயிறு, ஒரு கவ்வி, காற்று கசியும் ரப்பர் வாத்து மூன்றையும் சேர்த்து, காற்று இறங்க இறங்கக் கவ்வி மூடி, தண்டவாளத்தில் கிடக்கும் சாவியைத் தூக்கிக்கொண்டு வருகிறது. பார்த்தால் அசல் தந்திரக்கார வேலைதான். ஆனால் நம் ஊர் சைக்கிள் கடையில் பழைய டியூபை வெட்டி வாஷர் செய்கிறவர், அந்த டியூபில் வேறு பத்துக் காரியமும் பார்ப்பார். ஒன்று சரிப்படாவிட்டால் இன்னொன்று. அவருடைய அறிவு பொருளின் மிச்சத்தில் இருக்கிறது. இங்கே பொருளுக்கு மிச்சம் கிடையாது. வாத்து ஒரு முறை பயன்பட்டதும் அதன் ஜென்மம் முடிந்தது. தந்திரக்காரனின் தோற்றத்தில் அசெம்பிளி லைன் தொழிலாளி.

இந்த அபத்தத்தால் யாருக்கு லாபம் என்ற கேள்வியையும் கேட்டாக வேண்டும். 80களில் இன்ஃபோகாம் தன் விளையாட்டுகளுக்குக் குறிப்புப் புத்தகங்கள் விற்றது. விடைகள் கண்ணுக்குத் தெரியாத மையில் அச்சாகியிருக்கும், கூடவே வரும் பேனாவால் தேய்த்தால் ஒவ்வொரு வரியாகத் தெரியும். சியெராவும் குறிப்புப் புத்தகம் விற்றது, தொலைபேசியில் குறிப்புச் சொல்லும் சேவையும் நடத்தியது. பூட்டையும் விற்று, சாவியையும் தனியாக விற்கிற வியாபாரம். இன்றைய கைபேசி அறைகளில் காசு கேட்பதில்லை. சிக்கிக்கொண்டால் முப்பது நொடி விளம்பரம் பார்த்தால் குறிப்பு. புதிர் நியாயமாக இருந்தால் விளம்பரத்தை யார் பார்ப்பார்கள்? கோணலில்தான் வருமானம். இந்த உற்பத்தியின் ஒரு களம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஈனா கேம் ஸ்டூடியோ, எச்.எஃப்.ஜி. எண்டர்டெய்ன்மெண்ட்ஸ் போன்றவை கோயம்புத்தூரிலிருந்து இந்த வகை விளையாட்டுகளைச் செய்து உலகக் கைபேசிகளுக்கு அனுப்புகின்றன. பஞ்சாலைக்கும் பம்புசெட்டுக்கும் பேர்போன ஊரிலிருந்து பூட்டிய அறைகள் ஏற்றுமதி. அவற்றில் பனிபெய்யும் கிறிஸ்துமஸ் வீடுகள் இருக்கின்றன, ஆவி உலாவும் மாளிகைகள் இருக்கின்றன. ஒண்டிப்புதூரில் ஒரு வீட்டுத் திண்ணையை நான் இதுவரை பார்க்கவில்லை. வெளிநாட்டுச் சந்தைக்குச் செய்கிறவர்கள் வெளிநாட்டு அறையைத்தான் செய்வார்கள் என்பது புரிகிறது. ஆனாலும் யாராவது ஒருவர் அஞ்சறைப்பெட்டிக்குள் ஒரு சாவியை ஒளித்துவைத்தால் நன்றாயிருக்கும் என்று ஓர் ஆசை.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் இன்னும் விளையாடுகிறாய் என்று கேட்கலாம். சந்தோஷத்துக்கு இரண்டு இடம் இருக்கிறது. முதலாவது, ஆசிரியனுக்குத் தெரியாமலே பிரதி மீறிப்போகும் தருணங்கள். க்ரௌதர்-வுட்ஸ் குகையில் ஒரு ட்ராகன் வழியை மறித்துப் படுத்திருக்கும். ட்ராகனைக் கொல் என்று நீங்கள் தட்டச்சு செய்தால், எதைக் கொண்டு, வெறுங்கையாலா என்று கணிப்பொறி நக்கலாகக் கேட்கும். ஆயுதம் எதுவும் பலிக்காது. அந்த நக்கலுக்கு 'ஆம்' என்று பதில் சொன்னால் போதும், ட்ராகன் செத்துவிடும். அதிகாரத்தின் கேலியை அதன் வாய்க்கே திருப்பிக் கொடுக்கிறீர்கள். அணி இலக்கணத்தில் வினாவாக வந்தது விடை எதிர்பார்க்காத வினா, நீங்கள் விடை சொல்லிவிட்டீர்கள். ஆமாம், அந்த 'ஆம்'மையும் வுட்ஸோ க்ரௌதரோ எழுதிவைத்ததுதான். ஆனால் அதைச் சொல்லும்போது கிடைக்கிற சிரிப்பு, கிழவியின் விடுகதையில் கிடைக்கிற அதே சிரிப்பு.

இரண்டாவது, வழிகாட்டிக் குறிப்பு. ஓர் அறையிலிருந்து வெளியேறியவர்கள், சிக்கியிருப்பவர்களுக்காகக் காசு வாங்காமல் எழுதிவைக்கும் படிப்படியான பிரதி. நாற்காலியை நகர்த்து, கத்தியால் மெத்தையைக் கிழி, கிழிசலில் கிடைக்கும் பொம்மையின் கண்ணை எடு, கண்ணை மீன்தொட்டியில் போடு என்று போகும். விளையாட்டைப் பார்க்காமல் இதை மட்டும் வாசித்தால் சர்ரியலிஸ்டுகள் பொறாமைப்படுவார்கள். நான் இவற்றை இலக்கியமாகவே வாசிக்கிறேன். விற்பனைக்கு வைத்த சாவியை ஜனங்கள் இலவசமாகக் கைமாற்றிக்கொள்ளும் இடம் இது. வரிசையில் நின்ற அந்த அம்மாவின் வேலை. ஜப்பானிய விளையாட்டுகளுக்கு ஜப்பானியம் தெரியாதவர்கள் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். போலந்தின் மாட்டேயூஷ் ஸ்குட்னிக் 2005இல் தொடங்கிப் பத்து வருஷம் தொடர்ந்த 'சப்மெஷின்' வரிசைக்கு, புதிர்விடை மட்டும் போதாது என்று உலகவரைபடமும் தத்துவ விளக்கமும் எழுதியிருக்கிறார்கள். 'சப்மெஷின்' அறைகளில் கதவைத் திறந்தால் இன்னோர் அறைதான். தப்பித்தல் என்ற வாக்குறுதியை அது முதலிலேயே கைவிட்டுவிட்டது. அதனால்தானோ என்னவோ, இந்த வகைமையில் எனக்குப் பிடித்தது அதுதான்.

திரைக்குள் இருந்தவரை இதெல்லாம் விவாதம். 2007இல் கியோட்டோவில் தகாவோ கடோ இந்த விளையாட்டை நிஜ அறைக்குள் கொண்டுவந்தார். நிஜ மனிதர்கள், நிஜப் பூட்டு, ஒரு மணி நேரம். 2011இல் புடாபெஸ்ட்டில் ஓர் அறை, பிறகு ஐரோப்பா, அமெரிக்கா, நம் பெருநகரங்களின் வணிக வளாகங்கள் என்று பரவிவிட்டது. 2019 ஜனவரி 4 அன்று போலந்தின் கோஷாலின் நகரத்தில், அப்படியோர் அறைக்குள் பிறந்தநாள் கொண்டாடப் போன ஐந்து பெண்பிள்ளைகள் தீயில் இறந்துபோனார்கள். எல்லோருக்கும் 15 வயது. வெப்பமூட்டும் கருவியின் எரிவாயுக் கசிவு. அவசரத்துக்கு வெளியேற வழி இல்லை. அதன்பிறகு நாடு முழுவதும் சோதனை நடத்திப் பல அறைகளை மூடினார்கள். திரையில் சன்னல் உடையாததற்கு ஒரு காரணம் உண்டு, உடைந்தால் விளையாட்டு இல்லை. அந்த விதியை அப்படியே செங்கலிலும் பலகையிலும் கட்டிய ஒரு கட்டடத்துக்குள், சுத்தியல் சுத்தியலாகவும் சன்னல் சன்னலாகவும் இருக்க வேண்டிய நிமிஷம் வந்தபோது அவை இல்லை. உருவகத்தைக் கட்டடமாக்குகிறவர்களிடம் தீயணைப்புத் துறை கேட்கிற கேள்வியைத்தான் விமர்சகனும் கேட்க வேண்டும்: உள்ளே இருப்பவர், உங்கள் அனுமதி இல்லாமல், உங்கள் புதிரைத் தீர்க்காமல், வெளியே வர முடியுமா?

ஃப்ளாஷுக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31 அன்று நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் அந்தக் கோப்புகள் ஓடுவதையே தடுத்துவிட்டது. இருபது வருஷத்து அறைகள் ஒரே நாளில் வெளியிலிருந்து பூட்டப்பட்டன. 2018இலேயே இதை எதிர்பார்த்து 'ஃப்ளாஷ்பாயிண்ட்' என்ற காப்பகத்தைத் தன்னார்வலர்கள் ஆரம்பித்திருந்ததால் ஏராளமானவை பிழைத்தன. ஆனால் எல்லாவற்றையும் அப்படிக் காப்பாற்றிவிட முடியாது. 'க்ரிம்சன் ரூம்' பெட்டகத்தைத் திறக்கும் எண் அந்த அறைக்குள்ளேயே கிடையாது. அறையில் கிடைக்கும் ஒரு காகிதத்தில் நிஜமான ஓர் இணைய முகவரி இருக்கும். விளையாட்டை விட்டு வெளியே வந்து, அந்தப் பக்கத்துக்குப் போய் எண்ணைக் குறித்துக்கொண்டு திரும்ப வேண்டும். அந்தப் பக்கம் போய்விட்டால், கோப்பு இருந்தும் பெட்டகம் திறக்காது. எண்ணை முன்பே தெரிந்துவைத்திருக்கும் யாராவது சொன்னால்தான் உண்டு.